மீட்டர் போர்டுக்குள் ஒரு குட்டித் திரை: பழைய மாருதி 800-க்கு டிஜிட்டல் டிஸ்ப்ளே பொருத்தும் முறை

திண்டிவனத்துக்குச் சற்று முன்பு என் மாருதி 800 திணறி நின்றபோது, மீட்டரில் டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. ரேடியேட்டரின் கீழ் ஓஸ் பைப் பிளந்து தண்ணீர் முழுக்க வழியிலேயே போய்விட்டது. முள் ஏன் ஏறவில்லை என்று அப்போது புரியவில்லை. பிறகு ஒரு வயதான மெக்கானிக் சொன்னார்: "முள்ளுக்குச் சேதி சொல்ற சென்சார் தண்ணிக்குள்ள இருக்கணும் தம்பி. தண்ணியே இல்லன்னா அது எதை அளக்கும்?" இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் உள்ள கேஸ்கெட் போய், எனக்கு ஒரு மாதச் சம்பளம் கரைந்தது.

அதற்கப்புறம்தான் மீட்டருக்குள் எண்ணாகவே காட்டும் ஒரு சின்னத் திரையை வைத்தேன். இன்ஜின் சூடு எத்தனை டிகிரி, பேட்டரி எத்தனை வோல்ட், இந்த இரண்டே விஷயம். இதைச் செய்யப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஈயம் வைக்கத் தெரியவேண்டும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியவேண்டும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். ஒரிஜினல் ஒயர் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது, ஒரிஜினல் பிளாஸ்டிக்கில் ஓட்டை விழக் கூடாது. கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த நிபந்தனைக்குள்தான் நடக்கிறது.

முதலில், இது உங்கள் வண்டிக்குச் சரிப்படுமா?

நான் சொல்வது கார்புரேட்டர் வைத்த பழைய 800-க்கு. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள். வண்டிக்குள் கம்ப்யூட்டர் என்று ஒன்றும் இல்லாததால் தைரியமாகக் கை வைக்கலாம். இதே போன்ற மற்ற பழைய கார்களுக்கும் முறை இதுதான். ஸ்குரு இருக்கும் இடம்தான் மாறும்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் மீட்டரைத் திறக்கவே வேண்டாம். ஓடோமீட்டர் கணக்கு முதல் பல விஷயங்கள் அதற்குள்தான் பதிந்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரே மீட்டருக்குள்தான் இருக்கிறது. மீட்டரின் ஒயர்கள் சேரும் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்து, அணைய மறுக்கும். ஏர்பேக் வேறு அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு அடியில், இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்க, 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயம் ஆனது. அதில் செருகும் ஒரு ரெடிமேட் டிஸ்ப்ளே வாங்கினால் இன்ஜின் சூடு, ஆர்பிஎம், வோல்ட் எல்லாம் இன்ஜின் கம்ப்யூட்டரிடமிருந்தே வந்துவிடும். கத்தி, அரம், ஈயம் எதுவும் தேவையில்லை.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சூடு காட்டும் சின்னத் திரை அந்த விவரம் எதையும் தொடுவதில்லை. ஆனால் ஸ்பீடோமீட்டரையும் கிலோமீட்டர் எண்ணையும் மறைப்பதோ மாற்றுவதோ வேறு கதை. அந்தப் பக்கமே போகாதீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் மீட்டரைப் பார்ப்பார். ஆயில் விளக்கு, சார்ஜ் விளக்கு, ஹைபீம் விளக்கு எல்லாம் மறைவின்றித் தெரியவேண்டும்.

வாங்க வேண்டியவை

சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கிடைக்கும். வெளியூர் என்றால் ஆன்லைன். எனக்கு மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது.

திரைக்கு 1.3 அங்குல ஓஎல்இடி வாங்குங்கள். 0.96 அங்குலம்தான் எங்கும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் ஒளிரும் பகுதி 22 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. ஓட்டிக்கொண்டே பார்க்க அது போதாது, என் வயதுக்கு நிச்சயம் போதாது. ஒரு விஷயம் கவனம்: 0.96-இல் பெரும்பாலும் எஸ்எஸ்டி1306 என்ற சிப் இருக்கும், 1.3-இல் எஸ்ஹெச்1106 இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும். ஆனால் முதலாவதுக்கு எழுதிய புரோகிராமை இரண்டாவதில் போட்டால் படம் இரண்டு புள்ளி நகர்ந்து, ஓரத்தில் குப்பைக் கோடு தெரியும். திரை கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், நான் போயிருக்கிறேன்.

மூளைக்கு ஆர்டுயினோ நானோ, அதாவது நாமே புரோகிராம் எழுதி ஏற்றும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு. சூட்டை அளக்க டிஎஸ்18பி20 சென்சார். மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை தாங்கும். 12 வோல்ட்டை 5 ஆக்க எல்எம்2596 வைத்த பக் கன்வெர்ட்டர் போர்டு. பி6கேஇ18ஏ என்ற டிவிஎஸ் டையோடு ஒன்று, 1என்5819 டையோடு ஒன்று, 100 கே, 33 கே ரெசிஸ்டர்கள் இரண்டிரண்டு, 4.7 கே ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு. பிளேடு ஃபியூஸ் ஹோல்டரும், சாம்பல் நிற 2 ஆம்பியர் ஃபியூஸும். ஃபியூஸ் பாக்ஸில் செருகி லைன் எடுக்கும் ஃபியூஸ் டேப் கிடைத்தால் மிக நல்லது; உங்கள் ஃபியூஸ் எந்த அளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வெப்பம் தாங்கும் டெஃப்லான் ஒயர் 3 மீட்டர்.

அப்புறம் முக்கியமான ஒன்று: பழைய மீட்டர் போர்டு ஒன்று. புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர் பழைய பார்ட்ஸ் கடையிலோ உங்கள் மாடலுக்கான உடைசல் மீட்டர் கிடைக்கும். முள் வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது டயலைச் சுற்றி இருக்கும் கறுப்புச் சட்டம். அறுப்பதும் அரம் போடுவதும் இந்த உடைசலில்தான். வண்டியோடு வந்த சட்டம் அப்படியே பத்திரமாக இருக்கும்.

ஈயம் வைக்கவே தெரியாது என்றால், வோல்ட்டும் டிகிரியும் சேர்த்துக் காட்டும் ரெடிமேட் மீட்டர் விற்கிறது. அதையே வாங்கி, பவர் எடுக்கும் பகுதியிலிருந்து கீழே படியுங்கள். முதல் முறைக்கு அது ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

மேசை மேல் முதல் வேலை

வண்டிக்கு ஓடாதீர்கள். வீட்டு மேசையில் ஒரு 12 வோல்ட் அடாப்டரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வண்டிக்குப் போக வேண்டும்.

காரின் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான் 12. ஓடும்போது 14-க்கு மேல். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9 வரை விழும். பேட்டரி டெர்மினல் லூசாகி, டைனமோ முழு வேகத்தில் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் நேரம் இணைப்பு விட்டுப்போனால், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பல பத்து வோல்ட் பாயும். பழைய பல்புகளும் முள்களும் இதைக் கண்டுகொள்ளாது. நானோ போர்டு செத்துவிடும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: ஃபியூஸ், அதை அடுத்து பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே டிவிஎஸ் டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். வோல்ட் எகிறினால் அது சுமார் 25-இல் பிடித்து நிறுத்தும். பிறகு லைனிலேயே 1என்5819. தப்பித்தவறி பிளஸ்ஸையும் எர்த்தையும் மாற்றிக் கொடுத்தாலும் உள்ளே மின்சாரம் போகாது. அதற்கடுத்து பக் கன்வெர்ட்டர்.

பக் கன்வெர்ட்டரில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கும். நானோவை இணைப்பதற்கு முன்பே அதைத் திருப்பி, மல்டிமீட்டரில் சரியாக 5 வோல்ட் வரும்படி வையுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கும். வைத்தபின் திருகு மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள், அதிர்வில் நகராது. இந்த 5 வோல்ட்டை நானோவின் 5வி பின்னுக்குக் கொடுக்க வேண்டும். விஐஎன் என்று எழுதிய பின்னுக்கு 12 வோல்ட்டை நேரே கொடுத்தாலும் வேலை செய்யும் என்பார்கள். செய்யும்தான், ஆனால் போர்டில் உள்ள சின்ன ரெகுலேட்டர் 14 வோல்ட்டில் தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

திரைக்குச் சேதி கொண்டுபோகும் எஸ்டிஏ, எஸ்சிஎல் ஒயர்கள் நானோவின் ஏ4, ஏ5 பின்களுக்கு. இந்த இரண்டும் நீளமாகப் போகக் கூடாது. ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குள் முடியட்டும். அதனால் நானோவும் மீட்டருக்குப் பின்னாலேயே உட்கார வேண்டும். சென்சாருக்கு மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், டேட்டா. டேட்டாவுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கே ரெசிஸ்டர். சென்சார் ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. விற்பவர் கொடுத்த படத்தைப் பாருங்கள்.

வோல்ட் அளக்க, ஃபியூஸுக்குப் பின், 1என்5819-க்கு முன் ஒரு இடத்திலிருந்து 100 கே ரெசிஸ்டர், அதிலிருந்து எர்த்துக்கு 33 கே. இரண்டும் சேரும் இடம் நானோவின் அனலாக் பின்னுக்கு. 14.4 வோல்ட் இங்கே சுமார் 3.6 ஆகக் குறைந்துவிடும். 20 வோல்ட் வரை நானோ தாங்கும். 33 கே-க்கு இணையாக ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் எண் குதிக்காது. ரெசிஸ்டர்கள் எழுதிய மதிப்பில் துல்லியமாக இருக்காது. எனவே மல்டிமீட்டர் காட்டும் எண்ணும் திரை காட்டும் எண்ணும் ஒன்றாகும்வரை புரோகிராமில் உள்ள பெருக்கும் எண்ணைத் திருத்துங்கள்.

புரோகிராமில் விழ வேண்டாத குழிகள்

யு8ஜி2 என்ற நூலகம் (திரையில் எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) இரண்டு வகைத் திரைக்கும் ஒத்துவரும். உதாரண நிரல்கள் அதோடேயே வருகின்றன. அதனால் வரிவரியாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் காருக்கென்றே சில விஷயங்கள் உண்டு.

டிஎஸ்18பி20-க்கு ஒரு விசித்திரக் குணம். மின்சாரம் வந்ததும், முதல் முறை அளந்து முடிக்கும்வரை, கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். அறைச் சூட்டை அளப்பவர்களுக்கு 85 என்றாலே தப்பு என்று தெரிந்துவிடும். நமக்குத் தெரியாது! இன்ஜின் ஓடும்போது 85 என்பது கச்சிதமான, நம்பத் தகுந்த எண். சென்சாரின் பவர் ஒயர் விட்டு விட்டுச் சேர்ந்தால் திரை "85, 85" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், இன்ஜின் உருகிக்கொண்டிருக்கும். ஆகவே எண் துல்லியமாக 85.0 என்று வந்து, அதற்கு முந்தைய எண்ணிலிருந்து நாலைந்து டிகிரி தள்ளி இருந்தால், அதை எண்ணாகக் காட்டாமல் கோடு காட்டச் சொல்லுங்கள். ஒயர் அறவே போனால் வழக்கமாகப் பயன்படுத்தும் நூலகம் மைனஸ் 127 என்று தரும், அதற்கும் கோடுதான். அளக்க முக்கால் நொடி ஆகும் என்பதால், அதுவரை புரோகிராம் காத்து நிற்காத வகையில் எழுதுங்கள்.

ஓஎல்இடி திரையில் ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் எரிந்தால் அதன் தடம் பதிந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் ஓரிரு புள்ளி இப்படி அப்படி நகர்த்தச் சொல்லிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, தடமும் விழாது. இரவில் வெளிச்சம் குறைய வேண்டும். பார்க் லைட் லைனிலிருந்து இன்னொரு 100 கே, 33 கே ஜோடி வழியாக ஒரு அனலாக் பின்னுக்குக் கொடுத்தால், லைட் போட்டதும் திரை மங்கும்படி செய்யலாம். இது ஆடம்பரம் இல்லை. மங்காத திரை இரவில் கண்ணைக் குத்தும். சாலையில் கறுப்பு மாடு நிற்பது தெரியாது.

திரையில் என்ன காட்டுவது? டிகிரி பெரிதாக, வோல்ட் சின்னதாக. அவ்வளவுதான். நேரம், தேதி, வெளிச்சூடு, பிள்ளையார் படம் என்று அடைக்க ஆசை வரும். ஒரு பார்வையில் படிக்க முடியாதது காரில் பயன்படாது. சூடு எல்லை தாண்டினால் எண் கறுப்பு வெள்ளை மாறி மாறிக் கண்ணடிக்கட்டும்.

சரி, வண்டிக்குப் போவோம்

மீட்டரைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வாரம் திரையை டேஷ்போர்டு மேல் டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் தெரிகிறது, வெயிலில் படிக்க முடிகிறதா, எண் குதிக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அறுத்தபின் தெரிந்து பயனில்லை.

பவர் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். பேட்டரியிலிருந்து நேரே எப்போதும் வரும் லைன் வேண்டாம். இந்தச் சின்ன ஏற்பாடு சுமார் 30 மில்லி ஆம்பியர் இழுக்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. ஒரு மாதம் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால் 21-க்கு மேல். 800-இல் இருக்கும் பேட்டரி 35 ஆம்பியர் மணி. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம்தான் வரும்.

ரேடியோவுக்கு வரும் அக்சஸரி லைனும் எனக்குப் பிடிக்காது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது அணைந்துவிடும். பேட்டரியின் உண்மையான பலம் தெரிவது அந்த நொடியில்தான். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் வந்து, ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்காத இக்னிஷன் லைன்தான் நமக்கு வேண்டும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் சாவி ஆஃப், ஆன், ஸ்டார்ட் என்று மூன்று நிலையிலும் பாருங்கள். கிடைத்ததும் ஃபியூஸ் டேப் செருகி எடுங்கள். ஓடுகிற ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம். மூன்று மழைக்காலம் கழித்து அந்த இடம்தான் பச்சை பூத்து நிற்கும்.

எர்த்தும் அதே அளவு முக்கியம். நான் முதலில் கைக்கு எட்டிய ஒரு ஸ்குருவில் கட்டினேன். ஹெட்லைட் போட்டால் வோல்ட் அரை குறைந்தது, ஹாரன் அடித்தால் இன்னும் குறைந்தது. டைனமோ சரியில்லை என்று இரண்டு நாள் அலைந்தேன். குற்றம் ஸ்குருவுக்கு அடியில் இருந்த பெயின்ட். பாடியோடு நேரே சேரும் போல்ட் ஒன்றைப் பிடித்து, பெயின்ட்டைச் சுரண்டி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

சென்சாரை இன்ஜினில் வைப்பது

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முள்ளுக்கு உள்ள ஒரிஜினல் சென்சாரைத் தொட வேண்டாம், அதன் ஒயரிலும் எதையும் இணைக்க வேண்டாம். நாம் அளக்கப்போவது தண்ணீரை அல்ல, ஹெட்டின் உலோகத்தை. தண்ணீர் இல்லாமல் போனாலும் உலோகம் சுடும் அல்லவா, அதுதான் காரணம்.

சின்ன டிரான்சிஸ்டர் வடிவில் வரும் டிஎஸ்18பி20-ஐ ஒரு செம்பு லக்கின் குழலுக்குள் நுழைத்து, கால்களுக்கு ஸ்லீவ் போட்டு, சூடு தாங்கும் எபாக்சியால் நிரப்பி ஒரு நாள் காயவிடுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கும் பக்கமாக ஹெட்டில் ஏதாவது கிளாம்ப்போ பிராக்கெட்டோ பிடித்திருக்கும் போல்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லக்கை அதன் கீழ் வைத்து இறுக்குங்கள். தண்ணீரையோ ஆயிலையோ அடைத்து நிற்கும் போல்ட்டைக் கழற்றாதீர்கள். அலுமினியத்தில் மரை எளிதில் போய்விடும்; உங்கள் வீரத்தைக் காட்ட இது இடமல்ல.

கடையில் எவர்சில்வர் குப்பிக்குள் ஒயரோடு வரும் சென்சாரும் உண்டு. மலிவானவற்றின் ஒயர் சாதாரண பிவிசி. இன்ஜின் அறையில் அது இளகி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் டெஃப்லான். ஒயரை பிளக் ஒயர்களிலிருந்தும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். இன்ஜின் அறையையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகரச் சுவரான ஃபயர்வாலில் ஒயரிங் நுழையும் ரப்பர் வளையம் இருக்கும். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியில் ஒயரைக் கட்டி அந்த வளையம் வழியாக நுழைத்தால் மறுபக்கம் வந்துவிடும். தகரத்தில் புது ஓட்டை போட வேண்டாம். துரு அங்கேதான் ஆரம்பிக்கும், மழைத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வரும்.

மீட்டரைக் கழற்றுதல்

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஸ்குருக்கள், பிறகு மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்குருக்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குருக்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தால் எது எங்கே என்று குழம்பாது. மீட்டரை முன்னால் இழுத்தால் கொஞ்சம்தான் வரும். ஸ்பீடோமீட்டர் கேபிள் பிடித்துக்கொண்டிருக்கும். கையைப் பின்னால் விட்டு அதன் பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்தி இழுத்தால் கழன்றுவிடும். கை நுழையவில்லை என்றால் கேபிளை இன்ஜின் பக்கம் பிடித்திருக்கும் இடத்தில் தளர்த்தி, உள்ளே கொஞ்சம் தள்ளிவிடுங்கள். கப்ளர்களைப் பூட்டை அழுத்தித்தான் கழற்ற வேண்டும்; ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் கையோடு வரும்.

மீட்டரின் முதுகில் செம்புக் கோடுகள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதில் ஈயம் வைக்கும் எண்ணமே வேண்டாம், சுருங்கிப்போகும். முள்களைத் தொடாதீர்கள். டயலில் விரல் வைக்காதீர்கள், ரேகை நிரந்தரமாகத் தெரியும். முன் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். தின்னர், பெட்ரோல் பட்டால் வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும்.

சட்டத்தில் ஜன்னல்

உடைசல் மீட்டரின் சட்டத்தை எடுத்துக்கொண்டு, திரையின் ஒளிரும் பகுதி அளவுக்கு ஒரு தாளை வெட்டி வெற்றிடங்களில் வைத்துப் பாருங்கள். நாலு விஷயம் பார்க்க வேண்டும்: எச்சரிக்கை விளக்கு எதையும் மறைக்கக் கூடாது, முள் சுற்றும் வழியில் வரக் கூடாது, மீட்டர் பல்புகளுக்கு ஒட்டி இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வளையம் மறைக்கக் கூடாது. கடைசியை வண்டியில் உட்கார்ந்துதான் சோதிக்க முடியும். பக்கவாட்டில் பொருத்தமான இடம் இல்லை என்றால் மீட்டரை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் உள்ள காலி சுவிட்ச் மூடி ஒன்றில் வைக்கலாம். அதிலும் தவறில்லை.

நாலு மூலையிலும் 2 மில்லிமீட்டர் துளை, நடுவில் ஆக்ஸா பிளேடு, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்தி, மிச்சத்தைத் தட்டை அரத்தால் மெதுவாக. இதில்தான் நான் ஒரு முழு மதியத்தைச் செலவழித்தேன். அதற்குத் தகுந்த வேலைதான். அவசரமாக வெட்டிய ஜன்னல் ஆயிரம் ரூபாய்த் திரையையும் தெருவோரப் பொம்மை ஆக்கிவிடும். ஜன்னலுக்குப் பின்னால் கார் கண்ணாடிக்கு ஒட்டும் சாம்பல் ஃபிலிம் துண்டு ஒன்றை ஒட்டினால், சாவி ஆஃப் ஆனதும் அங்கே திரை இருப்பதே தெரியாது. எழுத்தும் பகலில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

திரையைப் பிடிக்க எதைப் பயன்படுத்துவது? ஹாட் குளூ வேண்டாம். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டேஷ்போர்டு சூடு அதை இளக்கிவிடும். டபுள் டேப்பும் அப்படியே. 3டி பிரின்ட் பிராக்கெட் செய்பவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவும், அது 60 டிகிரியிலேயே வளையத் தொடங்கும், ஏபிஎஸ் நல்லது. உடனே ஒட்டும் சூப்பர் குளூவின் ஆவி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலம் படியச் செய்யும், டயல் பாழ். இரண்டு குழாய்களாக வரும் எபாக்சிப் பசை, மூலைக்கு ஒரு பொட்டு, போதும். நானோவையும் பக் கன்வெர்ட்டரையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஃபோம் சுற்றி, ஒயரிங் கட்டோடு டை போட்டுக் கட்டுங்கள். தொங்கவிட்டால் மேட்டுப் பள்ளத்தில் கடகடவென்று சத்தம் கேட்கும். நடுவில் ஒரு கப்ளர் கட்டாயம் வையுங்கள். அடுத்த முறை மீட்டரைக் கழற்றும்போது நன்றி சொல்வீர்கள்.

திருப்பிப் பூட்டும்போது ஸ்பீடோமீட்டர் கேபிள் "டக்" என்று உட்கார்ந்ததா பாருங்கள். பேட்டரியைக் கொடுத்ததும், வண்டியை எடுப்பதற்கு முன், சாவியை ஆன் செய்து ஆயில் விளக்கு, சார்ஜ் விளக்கு, இண்டிகேட்டர், ஹைபீம், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தெருவுக்குள் ஒரு சுற்றுப் போய் ஸ்பீடோமீட்டர் முள் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆர்பிஎம் காட்ட முடியாதா?

இதை எல்லாரும் கேட்கிறார்கள். முடியும். மூன்று சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை ஸ்பார்க். 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் நொடிக்கு 20 ஸ்பார்க். ஸ்பார்க்கை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையில் அதை எண்ணலாம். ஆனால் அந்த முனையில் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் சில நூறு வோல்ட் துள்ளும். ஒளி வழியாக மட்டும் சேதியைக் கடத்தும் ஆப்டோகப்ளர் என்ற பாகம் இல்லாமல் நானோவில் கொடுத்தால் நானோ அன்றே காலி; உங்களுக்கும் ஷாக் அடிக்கும். முதல் முறைக்கு விட்டுவிடுங்கள்.

எண்ணைப் படிப்பது

இன்ஜின் ஓடாமல், வண்டி சில மணி நேரம் நின்றிருந்தால் 12.6 என்பது நிறைந்த பேட்டரி, 12.2 ஏறக்குறைய பாதி. ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் பெல்ட், கார்பன் பிரஷ் பாருங்கள். 15 தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதிக்கும் முன் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் புது பேட்டரிக்குக் காசு சேர்க்க ஆரம்பியுங்கள்.

டிகிரியை மட்டும் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடாதீர்கள். நாம் அளப்பது வெளி உலோகம். காற்று படும் இடம். என் வண்டியில் தண்ணீரைவிட ஐந்தாறு டிகிரி குறைவாகக் காட்டுகிறது. உங்களுக்கு வேறாக இருக்கும். முதல் ஒரு மாதம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: நெடுஞ்சாலையில் எத்தனை, சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது எத்தனை, ரேடியேட்டர் ஃபேன் எந்த எண்ணில் ஓடத் தொடங்குகிறது, எதில் நிற்கிறது. ஃபேன் ஓடத் தொடங்கும் எண்ணுக்கு மேல் 8 டிகிரியை எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் மூடி நன்றாக இருந்து 0.9 கிலோ அழுத்தம் நின்றால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அதுவரை அவகாசம் உண்டு. மூடியின் ரப்பர் போயிருந்தால் 100-லேயே கொதிக்கும், அப்போது அந்த அவகாசம் இல்லை. எனவே இத்தனை செலவில் புது ரேடியேட்டர் மூடி ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

வண்டியோடு வந்த பழைய சட்டத்தைச் செய்தித்தாளில் சுற்றி, கழற்றும்போது எடுத்த படங்களின் பிரின்ட் ஒன்றையும் உள்ளே வைத்து, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் போட்டிருக்கிறேன்.